இதயம்: கருவிலேயே தொடங்கும் கணக்கு

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இதயத்துக்கு நல்லதும் கெட்டதும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. தேவராஜ மார்க்கெட்டுக்குள் குவியல் குவியலாகக் காய்கறி, பழங்கள். வெளியே சாயாஜி ராவ் சாலையில் நெய் மணக்கும் மைசூர்பாகு. மாரடைப்பு வந்தவரிடம் "என்ன சாப்பிட்டு வந்தீர்கள்?" என்று கேட்பது வழக்கம். ஆனால் இதே நகரின் மண்டி மொஹல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் வேறொரு கேள்வியை எழுப்பின: உங்கள் தாய் என்ன சாப்பிட்டார்?

இந்த மிஷன் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை குறித்து வைக்கப்பட்டிருந்தன. 1954 வரை அங்கு பிறந்து, பிறகும் அக்கம்பக்கத்திலேயே வசித்த 517 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தது ஒரு குழு. பிரிட்டனின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர், கரோலின் ஃபால் ஆகியோரும் அதில் இருந்தனர். முடிவு 1996ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

பிறந்தபோது இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் வெறும் 3 சதவீதம். 45 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எடை குறைந்து பிறந்ததோடு, கர்ப்ப காலத்தில் தாயின் எடையும் 45 கிலோவுக்குக் குறைவு என்றால் ஐந்தில் ஒருவருக்கு நோய்.

காரணம்? கருவில் ஊட்டம் குறையும்போது உடல் மூளையைக் காப்பாற்ற முனைகிறது. மற்ற உறுப்புகள் வளர்ச்சியை விட்டுக்கொடுக்கின்றன என்பது பார்க்கர் தரப்பின் விளக்கம்.

அதற்காகக் கர்ப்பிணிக்கு அளவின்றித் திணிப்பதும் தீர்வல்ல. அதே மைசூர்க்காரர்களிடம் நடந்து 1998ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் அதிகம் காணப்பட்டது குட்டையாக, குண்டாகப் பிறந்தவர்களிடம். அவர்களின் தாய்மார்களும் எடை கூடியவர்கள். சர்க்கரை நோய் இதயத்தின் நெருங்கிய எதிரி என்பது தெரிந்ததுதான்.

பிறந்த எடையை இனி யாரும் மாற்ற முடியாது. ஆனால் அது தலையெழுத்தும் அல்ல. எடை குறைந்து பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. புகையிலையை விடுவது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, அன்றாடம் நடப்பது எல்லாம் எவர் கையிலும் உள்ளவை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்த தலைமுறையின் கணக்கு மட்டும் சமையலறையில்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் மருமகளின் தட்டில், இன்னும் பிறக்காத ஒரு இதயத்தின் பங்கும் இருக்கிறது.