அரிஷ்டம் விளையும் ஜாடி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சம்பந்தரின் பதிகம் பெற்ற மாகறலிலிருந்து தறிக்கார அன்பர் ஒருவர், தம் வேலியோரம் செழித்து நிற்கும் ஆடாதோடையை வீட்டிலேயே டிஞ்சராக்கி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நியாயமான ஆசைதான். குடிநீர் என்னும் கஷாயத்துக்கு ஆயுள் ஒரு சாமம், சூரணத்துக்கு 3 மாதம் என்று சித்த வைத்தியம் வரையறுத்திருக்க, சாராயத்தில் ஊறிய மூலிகைச் சத்தோ ஆண்டுகள் சில கெடாமல் நிற்கிறது. கச்சாப் பட்டின் கோந்து வெறுந் தண்ணீரில் அலசினால் போகாமல், சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில்தான் கழலுவதைச் சாயச்சாலைத் தெருவில் பார்த்து வளர்ந்தவன் நான். செடியின் பிசின்களும் அவ்வாறே நீருக்கு மசியாமல் சாராயத்துக்கு மசிகின்றன. உலர்ந்த சரக்கு ஒரு பங்குக்குச் சாராயம் 5 பங்கு. பச்சிலையில் முக்கால் பங்கும் தண்ணீரே ஆதலால் அதற்கு வீரியம் மிகுந்த சாராயம் வேண்டும். இரண்டு வாரம் தினமும் குலுக்கிப் பின் வடிகட்ட வேண்டும். ஆனால் சுத்தமான எரிசாராயம் உரிமமின்றிக் கிடைப்பதில்லை. வர்ணக் கடை ஸ்பிரிட்டிலோ கண்ணையும் உயிரையும் பறிக்கும் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். மதுவிலக்குக் காலத்தில் இஞ்சி டிஞ்சரைப் போதைக்காகக் குடித்தவர்களால் இந்த உத்தம மருந்து வடிவத்துக்கே அபகீர்த்தி வந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

நம் முன்னோரோ சாராயத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், மருந்துக்குள்ளேயே அது விளையும்படி செய்தார்கள். கஷாயத்தைக் காலாகக் குறுக்கி ஆறவைத்து, வெல்லமும் தேனும் கரைத்து, காட்டாத்திப் பூவைச் சேர்த்தால் அரிஷ்டம். காய்ச்சாமல் ஊறவைத்துச் செய்தால் ஆசவம். இந்தப் பூவை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது. மலைச்சரிவுப் புதர்களில் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து மலரும் இச்சிறு பூ, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் உயிர்களைத் தன்னிடம் தாங்கி நிற்கிறது. பூ உலர்ந்த பின்னும் அவை உறங்கிக் கிடந்து, இனிப்புப் பட்டதும் விழித்தெழுந்து வெல்லத்தைச் சாராயமாக்குகின்றன. நொதித்தல் உயிர்களின் செயல் என்று பாஸ்டர் 1857-இல் எடுத்துக் கூறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வைத்தியர்கள் ஜாடியின் வாயைச் சீலைமண் பூசி அடைத்து, சூடு சீராயிருக்கும் நெற்குவியலில் ஒரு மாதம் புதைத்து வைத்தார்கள். ஜாடியில் காதை வைத்தால் குமிழியோசை கேட்கும். அது அடங்கிய பின் திறந்து, எரியும் தீக்குச்சியை உள்ளே நீட்ட வேண்டும். கரியமில வாயு இன்னும் எழுந்துகொண்டிருந்தால் குச்சி அவியும். நின்று எரிந்தால் அரிஷ்டம் பக்குவம். அப்போது அதில் சாராயம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். இத்தனை நேர்த்தியான முறையிருக்க, நாளை மிச்சப்படுத்த ரொட்டி ஈஸ்டைத் தூவுவது எனக்குச் சிறிதும் உடன்பாடன்று.

எனினும் பழக்கமில்லாத கையில் அரிஷ்டம் காடியாகப் புளிக்கும், பூஞ்சையும் பூக்கும். ஆகவே அதை, 1944-இல் வைத்தியர்கள் கூடிச் சென்னையில் நிறுவிய இம்ப்காப்ஸ் போன்ற கூட்டுறவு மருந்துச்சாலைகளில் வாங்குவதே உசிதம். மாகறல் அன்பரின் வேலிக்கு ஏற்றது மணப்பாகு: ஆடாதோடை இலையைக் குடிநீராக்கி வடித்து, சர்க்கரை சேர்த்துப் பாகுபதம் வரக் காய்ச்சி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் இருமலுக்கு உதவும், சர்க்கரையின் செறிவே அதைக் கெடாமல் காக்கும். கருவுற்ற பெண்களுக்கு மட்டும் ஆடாதோடை எவ்வடிவிலும் ஆகாது.