இரட்டை உருளை மோட்டார்ச் சைக்கிளின் அதிர்வு

வண்டி அதிர்ந்தால் ஆணிகளை இறுக்குக என்பர் பலர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாதென்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

பழைய பிரித்தானிய இரட்டை உருளை எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் இரண்டும் ஒருங்கே மேலேறி ஒருங்கே கீழிறங்கும். சுழல்தண்டில் எதிர்நிறை அமைத்து அவ்விசையை ஓரளவே தணிக்கலாம். எதிர்நிறையை மிகுத்தால், மேல்கீழ் அதிர்வு குறைந்து முன்பின் அதிர்வு கூடும். எஞ்சினின் சுழற்சி வேகம் இருமடங்காயின் அதிர்விசை நான்மடங்காகும். ஆதலின் இவ்வதிர்வு இயல்பானது, முற்றாக ஒழியாது.

1967இல் அறிமுகமான நோட்டன் கொமாண்டோவில் வேறொரு வழி கண்டனர். எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்சில்லைத் தாங்கும் கவை ஆகிய மூன்றையும் ஒன்றாய்ப் பிணைத்து, இறப்பர்த் தாங்கிகளின் வழியே சட்டத்திற் பொருத்தினர். அத்தாங்கிகளின் பக்க இடைவெளி ஏறக்குறைய அங்குலத்தின் 100இல் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அது குறைந்தால் அதிர்வு சட்டத்துக்குப் பாய்ந்து ஓட்டுபவரின் விரல்கள் மரத்துப்போகும். மிகுந்தால் வளைவிலே வண்டி தள்ளாடும். பின்னது உயிருக்கே இடராகும்.

எனவே, இவ்வகை வண்டியில் அதிர்வு வழமைக்கு மிஞ்சுமாயின், எஞ்சினைக் கழற்றுமுன் இறப்பரின் தேய்வையும், பக்க இடைவெளியையும், தாங்கு ஆணிகளின் நிலையையும், காபரேற்றர்கள் இரண்டும் ஒத்தியங்குகின்றனவா என்பதையும் முறையே நோக்குக. இறுக்கத்திற்கும் ஓர் அளவுண்டு என்பதை மாணவர் மனங்கொள்வாராக.