சரிவின் அடியில் உறங்குகிறவர்கள்

சிம்பாங் பூலாய் சாலையில் மலையேறி வந்தால் கேமரன் மலையில் முதலில் வருவது கம்போங் ராஜா. தேயிலைப் பச்சையை எதிர்பார்த்து வருகிறவர்களின் கண்ணில் இங்கே வெள்ளைதான் படும். சரிவெல்லாம் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கொட்டகைகள். தக்காளி, மிளகாய், கீரை எல்லாம் அவற்றுக்குள்ளேதான் விளைகின்றன.

மழை கொட்டும்போது ஒரு கொட்டகையோரம் நின்று பாருங்கள். கூரையில் விழும் நீர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. மடிப்புகளில் திரண்டு ஓரத்தில் ஒரே தாரையாகக் கொட்டி, கரையை அரித்துக்கொண்டு செம்மண் குழம்பாக ஓடைக்கு ஓடுகிறது. அதே மழையில் தேயிலைக்குள் போய்க் கொப்பை விலக்கினால், உதிர்ந்த இலை மெத்தையாகப் படிந்திருக்கும். அதில் சொட்டும் நீர் நின்று நிதானமாகத்தான் ஊறும். தேயிலை பல்லாண்டுப் பயிர். கவாத்து வெட்டி இடுப்பளவில் வைத்திருக்கிறோம், விட்டால் மரமாகிவிடும். காய்கறி நிலத்தையோ சில மாதங்களுக்கு ஒருமுறை கிளறியாக வேண்டும்.

அதற்காகத் தேயிலையைக் காடு என்று சொல்லிவிட முடியாது. 1929-இல் ஜே.ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் காட்டை அழித்துத்தான். வெட்டியதிலும் நட்டதிலும் நம் முன்னோரின் கைகள் இருந்தன. இந்த மண்ணின் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு.

2024 ஜனவரி 26, விடியுமுன் கம்போங் ராஜாவின் புளூ வேலியில் மண் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மியன்மார்த் தொழிலாளர்கள் ஐவர் புதைந்து இறந்தார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, கொடுத்த இடத்தில் படுத்தவர்கள். நம் தாத்தா பாட்டி லயத்தில் படுத்ததும் அப்படித்தான். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் நெஞ்சு கனக்காமல் இருந்திருக்காது.

இங்கே கரையும் மண் இங்கேயே நிற்பதும் இல்லை. அது போய்ச் சேரும் தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பி, 1963-இல் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கொண்டுபோகிறார்கள். மேட்டுத் தோட்டங்களின் சேறு அந்த அணையின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. ஏரி கொள்ளும் நீர் குறைகிறது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மேலே இருப்பவர் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் சேறு வருகிறது.

சும்மா இருந்துவிடாதவர்களும் உண்டு. 2001-இல் தொடங்கிய ரீச் என்ற உள்ளூர் அமைப்பு, ராமகிருஷ்ணன் ராமசாமி போன்றோரின் முயற்சியில், காடழிப்பையும் ஆற்று மாசையும் விடாமல் எடுத்துச் சொல்லிவந்தது, மரமும் நட்டது. இதற்கெல்லாம் விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஆண்டுக்கு ஆண்டு தற்காலிக உரிமத்தில் உழுதவர், நாளை தன்னிடம் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் கல் அடுக்கிப் படி கட்டுவாரா?

அரசு நீண்ட குத்தகை கொடுக்கட்டும். கூடவே, கூரைநீருக்குத் தொட்டியும் ஆற்றோரம் மரமும் கேட்கட்டும். அதற்கெல்லாம் முன்னால், அடுத்த பெருமழைக்குள், சரிவின் அடியில் இருக்கும் கொங்சிகளை, அதாவது தொழிலாளர் குடில்களை, வேறு இடத்துக்கு மாற்றட்டும்.