பிள்ளையை விடுமுன் சமையல்கட்டைப் பாருங்கள்!

விடிந்தால் தறிச் சத்தம். பொழுது சாய்ந்தாலும் தறிச் சத்தம். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை, நெசவாளர்களின் ஊர். கணவன் தறி ஓட்டினால் மனைவி தார் சுற்றுவாள். இரண்டு பேரும் உழைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அப்படியானால் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

தறிக்கூடத்தில் விட முடியாது. ஓடுகிற விசைத்தறியில் சக்கரமும் பட்டையும் சுழலும். பஞ்சுத் தூசி பறக்கும். பிஞ்சுக் கை பட்டால் என்ன ஆகும்? ஆகவே, பிள்ளை அங்கன்வாடிக்குப் போகிறது. 'பால்வாடி' என்றால் பாட்டிகளுக்கும் புரியும்.

இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பால்வாடிப் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கேயே சுடச்சுடச் சோறு கிடைத்தது. அந்தச் சோற்றால் வளர்ந்தவர்கள் ஏராளம்.

பசி தீர்க்கிற இடம் நல்ல இடம்தான். ஆனால் அந்தச் சோறு வேகிற இடத்தை எத்தனை பெற்றோர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

அந்த ஜூலை 16

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். காலை நேரம். கீழே மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே கீற்றுக் கூரையின் கீழ் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல்கட்டில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. எரிகிற கீற்று பிள்ளைகள் மேல் விழுந்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் பலியானார்கள். நாடே கண்ணீர் வடித்தது.

அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2009-ம் ஆண்டு, நாட்டில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் தீத்தடுப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது.

மறுபடியும் ஜூலை 16

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2013-ம் ஆண்டு, அதே ஜூலை 16-ந் தேதி. பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். 23 பிள்ளைகள் மாண்டார்கள்.

காரணம் என்ன? சமையல் எண்ணெயில் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து கலந்திருந்தது. சோதனையில் அது தெரியவந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவர் சொன்னதாகவும், அதையே ஊற்றிச் சமைக்கச் சொன்னதாகவும் விசாரணையின்போது செய்தி வெளிவந்தது.

கும்பகோணத்தில் கூரை எல்லோர் கண்ணிலும் பட்டது. பீகாரில் எண்ணெய் வாடை மூக்கில் பட்டது. இரண்டு இடத்திலும் ஆபத்து ஒளிந்திருக்கவில்லை. அதைச் சொல்லித் தடுக்கத்தான் ஆள் இல்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

நெசவாளர் வீட்டில் கவனம்

இந்தப் பாடம் நெசவு ஊர்களுக்கு மிகவும் தேவை. நூலுக்குச் சாயம் போடும் இடங்களில் சாயப் பொடி இருக்கும், காஸ்டிக் சோடா இருக்கும், பிளீச்சிங் பவுடர் இருக்கும். எண்ணெய் தீர்ந்த டப்பாவில் அதைக் கொட்டி வைப்பது சுலபம். தண்ணீர் பாட்டிலில் அமிலத்தை ஊற்றி வைப்பதும் சுலபம். பிள்ளைக்கு எது தண்ணீர், எது அமிலம் என்று எப்படித் தெரியும்?

தின்னும் பொருள் இருந்த டப்பாவில் மருந்து வைக்காதீர்கள். மருந்து இருந்த டப்பாவைக் கழுவினாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள். இது வீட்டுக்கும் பொருந்தும், அங்கன்வாடிக்கும் பொருந்தும்.

தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன மருந்து என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.

என்ன பார்க்க வேண்டும்?

பிள்ளையை விட்டுத் திரும்பும் தாய், ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

அடுப்பு இருக்கும் இடமும் பிள்ளைகள் இருக்கும் இடமும் தனித்தனியாக இருக்கின்றனவா? நடுவில் கதவோ தடுப்போ உண்டா? கொதிக்கிற சாம்பார்ப் பாத்திரம் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கிறதா?

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா? ஒரு வாளித் தண்ணீரில்கூடத் தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்து இறந்துவிடலாம்.

சாப்பிடுமுன்னும், கழிவறைக்குப் போய் வந்த பின்னும் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவுகிறார்களா? வயிற்றுப்போக்கு அழுக்குக் கை வழியாகவும் வருகிறது.

மாதந்தோறும் எடை போடுகிறார்களா? எடை ஏறாத பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊழியரிடமே கேளுங்கள். தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள்.

மாலையில் பிள்ளையை யார் அழைத்துப் போவார்கள் என்று ஊழியருக்குத் தெரியுமா? தெரியாத ஆளிடம் பிள்ளையை அனுப்பக் கூடாது.

பிள்ளைக்குக் கொதிநீர் பட்டுவிட்டால், உடனே 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டும். மை, பற்பசை, மாவு எதையும் தடவக் கூடாது. தடவினால் புண் கெட்டுப்போகும்.

பிள்ளை சொன்னால் கேளுங்கள்

நேற்று வரை துள்ளிக்கொண்டு போன பிள்ளை இன்று போக மாட்டேன் என்று அழுகிறதா? அடம் என்று அடிக்காதீர்கள். மடியில் உட்காரவைத்துக் கேளுங்கள். யாராவது அடித்தார்களா, தொடக் கூடாத இடத்தில் தொட்டார்களா என்று மெதுவாக விசாரியுங்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-ம் ஆண்டிலேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். காசு செலவில்லை.

குறை சொன்னால் சண்டையா?

"நாம் போய்ச் சொன்னால் ஆயாம்மா கோபித்துக்கொள்வாரே, பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுவாரே" என்று பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அவருக்கும் வேலை அதிகம். ஒருவரே சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், கழுவ வேண்டும். தொட்டிக்கு மூடி இல்லையென்றால் நாலு தாய்மார்கள் சேர்ந்து ஒரு பலகை கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெரிய குறை என்றால் எல்லோருமாகக் கையெழுத்திட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

தறியில் ஒரு இழை அறுந்தால் நெசவாளிக்கு உடனே தெரியும். தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், பிறகுதான் ஓட்டுவார். அறுந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் புடவை முழுக்கப் பாழ்.

துணிக்கே அத்தனை கவனம் என்றால், பெற்ற பிள்ளைக்கு?