கைக்குத் தெரிய வேண்டும்: சாம்பியன் ரீப்சில் சில எளிய சோதனைகள்

கோலார் தங்கவயலின் ஒரு பகுதியான சாம்பியன் ரீப்ஸ், நேயர்களுள் பலருக்குப் பழகிய பெயராக இருக்கும். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குத் தோண்டப்பட்ட அதன் சுரங்கம், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழ் மக்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்றும் அங்கே வாழ்கின்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர்ப் பெற்றோர் பலர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகலில் பிள்ளைகளுக்குச் சோறிடுவோர் பெரும்பாலும் பாட்டன் பாட்டியரே. ஆகவே கை கழுவக் கற்பிக்கும் பொறுப்பும் அவர்களிடமே சேர்ந்திருக்கிறது.

அங்கே ஒரு லைன் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினோம். கிருமி என்றால் என்னவென்று கேட்டோம். கன்னடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, 'சூக்ஷ்மஜீவி' என்று உடனே விடை சொன்னாள். கண்ணுக்குத் தெரியாது, நோய் உண்டாக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும் என்று மற்றவர்கள் அடுக்கினார்கள். 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலம் எல்லாரையும் நன்றாகப் பாடம் படிக்க வைத்திருந்தது. நமக்கும் மிகுந்த மனநிறைவு. அச்சமயத்தில் ஒரு பாட்டியார் தட்டு நிறைய மசால்வடை கொண்டுவந்து வைத்தார். அதுவரை தெருமண்ணில் கோலி ஆடிக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் தட்டிற்குள் சென்றன. ஒரு பிள்ளையாவது குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. நாமும் ஒரு வடையை வாயிலிட்ட பிறகுதான் அதைக் கவனித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

வடை கொடுத்த பாட்டியாரின் பேத்திக்கு முந்திய கோடையில் வயிற்றுப்போக்குக் கண்டு, இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கினால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புத்தகத்து விடையை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை என்ற வேறுபாடு அந்நோய்க்குக் கிடையாது. பள்ளியில் கன்னடத்தில் கற்ற சொல், வீட்டுத் தட்டின் அருகே வரும்போது எங்கோ நின்றுவிடுகிறது. அதைக் கைவரை கொண்டுவர வேண்டுமானால் வாயால் சொல்வதை நிறுத்திக்கொண்டு, பிள்ளைகளே செய்து பார்க்க விடவேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு சில சாமான்களோடு சென்றோம். அவை எல்லாம் அடுக்களையில் கிடைப்பவையே.

முதலில் தயிர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிருள்ளது என்று பிள்ளைக்கு எப்படி மெய்ப்பிப்பது? காய்ச்சி ஆறவைத்த பாலை, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, மூன்று தம்ளர்களில் ஊற்றினோம். ஒன்றில் அரைக் கரண்டித் தயிர் விட்டோம். இரண்டாவதில் ஒன்றும் விடவில்லை. மூன்றாவதில் விட்டதும் அரைக் கரண்டித் தயிர்தான். ஆனால் அதைச் சிறிது தண்ணீரில் கலந்து, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய பின் விட்டோம். மூன்றையும் மூடி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, பொழுது விடிந்ததும் திறந்து பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டோம். மறுநாள் முதல் தம்ளர் தோய்ந்திருந்தது. மற்ற இரண்டும் தோயவில்லை. அதே தயிர், அதே பால். ஆயினும் கொதித்த தயிர் வேலை செய்யவில்லையே, ஏன்? 'அது செத்துப்போச்சு' என்றான் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். நாம் சொல்ல நினைத்திருந்த நீண்ட விளக்கத்தை அவனே இரண்டு சொற்களில் முடித்துவிட்டான். தயிரைத் தோய்ப்பதும் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் நமக்கு உதவும் நுண்ணுயிர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. கிருமி என்றாலே பேய் என்று அஞ்சும் பிள்ளை, சில நாளில் அந்த அச்சத்தையும் மறந்துவிடும், கையையும் மறந்துவிடும்.

இரண்டாவது கோலமாவு. ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மட்டும் கோலமாவைத் தடவி, அடுத்தவனோடு கைகுலுக்கச் சொன்னோம், அவன் அதற்கடுத்தவளோடு, இப்படியே வரிசை முழுவதும். பின்னர்க் கால் மணி நேரம் வழக்கம்போல் விளையாட விட்டோம். விளையாட்டு முடிந்ததும் மாவைத் தேடும் வேட்டை தொடங்கியது. கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. குடத்தின் விளிம்பில் இருந்தது. தண்ணீர் மொள்ளும் தம்ளரின் உட்புறத்தில் இருந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தையின் கன்னத்திலும் இருந்தது. குழந்தையைக் கொஞ்சியது யார் என்று அக்கா தம்பியைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. இது வெறும் மாவு. கழிப்பிடத்திலிருந்து வந்த கையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டோம். முகங்கள் சுளித்தன. அந்த முகச்சுளிப்பின் மதிப்பைப் பின்னர்ச் சொல்வோம்.

அவ்வூரில் சுரங்கக் கழிவு மண் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மலை என்று அதைச் சொல்வார்கள். காற்றுக் காலத்தில் அதன் தூசி வீட்டுக்குள் வந்து படியும். அந்த மண்ணிலும் கிருமி உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டது. அதிலுள்ள தீமை வேறு வகையானது, பொன்னைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய இரசாயனங்களைச் சேர்ந்தது என்றும், அதில் சறுக்கி விளையாடலாகாது என்றும், கையில் பட்டால் அதையும் கழுவத்தான் வேண்டும் என்றும் விடை கூறினோம்.

பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதாதா என்பது பாட்டன்மாரின் கேள்வி. இதற்கு எண்ணெயும் காப்பித்தூளும் போதும். இரு கைகளிலும் சில துளி நல்லெண்ணெய் தேய்த்து, சிட்டிகை காப்பித்தூள் தூவி, தண்ணீரில் மட்டும் கழுவிப் பார்த்தால் தூள் கையை விட்டு இறங்காது. சோப்புப் போட்டதும் இறங்கிவிடும். நமது தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அழுக்கும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பின் நுண்துகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு முனை தண்ணீரோடும், மறுமுனை எண்ணெயோடும் உறவு கொள்ளும் இயல்புடையது. அது எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகச் சூழ்ந்து தண்ணீரோடு இழுத்துச் சென்றுவிடுகிறது. கொரோனா போன்ற சில வைரஸ்களின் மேலுறை கொழுப்பால் ஆனதாகையால், சோப்பு அவ்வுறையையே குலைத்து அவற்றைச் செயலற்றவையாக்கும்.

பள்ளிகளில் வழக்கமாகக் காட்டும் மிளகுத்தூள் வேடிக்கையை நாம் வேண்டுமென்றே விட்டுவிட்டோம். தட்டிலுள்ள தண்ணீரின்மேல் மிளகுத்தூளைத் தூவி, சோப்புத் தடவிய விரலை நடுவில் வைத்தால் தூள் நாற்புறமும் விலகி ஓடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் நிகழ்வது. சோப்பைக் கண்டு கிருமி ஓடுவதாகச் சொல்வது சரியன்று. விரலை வைத்து எடுத்தால் போதும், தேய்க்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிடக் கூடும். ரொட்டித் துண்டைத் தொட்டு வைத்துப் பூசணம் வளர்ப்பதும் அப்படித்தான். காற்றிலுள்ள பூசணமே பெரும்பாலும் அதில் முளைக்கிறது. சில வேளை கழுவிய கை தொட்ட துண்டில்தான் அதிகம் முளைத்து நம்மை விழிக்க வைக்கும்.

நாம் மிகவும் விரும்பிய சோதனை மஞ்சள் சோதனை. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பாவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பைப் போலவே சாதாரணச் சோப்புக்கட்டியிலும் காரத்தன்மை உண்டு. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போடும்போது சிவப்பதும் அதனாலேயே. கைகள் இரண்டிலும், உள்ளும் புறமும் விரல் இடுக்கும் விடாமல் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவிட்டோம். பிறகு கண்களைத் துணியால் கட்டி, நாள்தோறும் கழுவுவது போலவே சோப்புப் போடச் சொன்னோம். நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுமுன் நிறுத்திப் பார்க்க வேண்டும். கழுவிவிட்டால் நிறம் மீண்டும் மஞ்சளாகிவிடும். சோப்புப் பட்ட இடம் செம்பழுப்பாக இருக்கும். படாத இடம் மஞ்சளாகவே நிற்கும். பாட்டிலில் விற்கும் திரவ சோப்புகள் பலவற்றில் காரம் இல்லாமையால் அவை இச்சோதனைக்கு உதவமாட்டா. மஞ்சள் இரண்டொரு நாள் கையில் நிற்கும் என்று தாய்மாரிடம் முன்னரே சொல்லிவிடுவது நமக்கும் பாதுகாப்பு.

கண்கட்டை அவிழ்த்ததும் எழுந்த கூச்சல் லைன் முழுவதும் கேட்டிருக்கும். எல்லாருக்கும் உள்ளங்கை சிவந்திருந்தது. கட்டைவிரலும் விரல்நுனியும் நகக்கண்ணும் மஞ்சளாக இருந்தன. சோற்றைப் பிசைந்து வாய்க்குள் வைப்பது எந்த விரல்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1978-இல் இங்கிலாந்தில் செவிலியர்களின் கைகளில் சாயம் பூசி இவ்வாறே சோதித்தபோதும், கட்டைவிரலும் விரல்நுனிகளும் விரல் இடுக்குகளும்தான் விடுபட்டிருந்தனவாம். பயிற்சி பெற்றவர்களின் நிலையே அப்படி. முப்பது ஆண்டு சுரங்கத்தில் வேலை செய்த ஒரு தாத்தா, தம் கையில் குறையிராது என்று சொல்லி வந்து உட்கார்ந்தார். அவருடைய இரு கட்டைவிரல்களும் பளிச்சென்று மஞ்சளாக நின்றன. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்காமல் மறுபடியும் சோப்பை எடுத்தார்.

இனி முகச்சுளிப்பைப் பற்றி. சாம்பியன் ரீப்சிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டம். அம்மாவட்டத்தின் 14 சிற்றூர்களில் 2011-ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் பெங்களூர் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஏழு ஊர்களில் பிரசாரம். மற்ற ஏழில் இல்லை. நோயைப் பற்றிய உபதேசத்தை அவர்கள் முதன்மையாக வைக்கவில்லை. 'சூப்பர் அம்மா' என்ற அன்புள்ள தாயையும், அழுக்குக் கையால் லட்டுப் பிடிக்கும் 'லட்டு லிங்கம்' என்ற அருவருப்பான ஆளையும் படமாகவும் நாடகமாகவும் காட்டினார்கள். அதற்கு முன்பு, கழுவ வேண்டிய வேளைகளில் சோப்புப் போட்டுக் கழுவியது நூற்றுக்கு ஒன்று இரண்டு தடவையே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பிரசாரம் நடந்த ஊர்களில் அது 37 ஆகியிருந்தது. நடவாத ஊர்களில் 6. அறிவு ஏற்படுத்தாத மாறுதலைப் பாசமும் அருவருப்பும் ஏற்படுத்தின. கோலமாவு பட்ட குழந்தையின் கன்னத்தைக் கண்ட அக்காளிடத்தில் நாம் பார்த்ததும் அதுவே. ஆயினும் நூற்றில் 63 தடவை விடுபட்டே போயிற்று என்பதையும் நோக்க வேண்டும். மனம் இசைந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் சோப்பும் தண்ணீரும் இல்லாவிட்டால் பழக்கம் நிலைப்பது கடினம்.

1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற தங்கவயலில், நாம் சென்ற லைனில் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. குடத்துத் தண்ணீரைக் கைகழுவச் செலவிடப் பாட்டிமார் தயங்குவது நியாயமே. அதற்காகப் பழைய இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றின் அடிப்பக்கத்தில் காய்ச்சிய ஊசியால் சிறு துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, கழிப்பிடத்தின் வெளியே கட்டினோம். மூடியைத் தளர்த்தினால் மெல்லிய தாரையாக நீர் வரும்; இறுக்கினால் காற்று உட்புகாமையால் நின்றுவிடும். கை நனைந்ததும் மூடியை இறுக்கிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு திறந்து அலம்பினால் ஒரு தம்ளர் தண்ணீரில் காரியம் முடிகிறது. ஏன் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு, திறப்பதும் மூடுவதுமாக, முதல் நாள் முழுவதும் தண்ணீர் வீணானது உண்மை.

தேய்க்கும் நேரம் இருபது விநாடியாவது இருக்கவேண்டும் என்பது மருத்துவர் கூறும் அளவு. ஒன்று முதல் இருபது வரை தமிழில் நிதானமாக எண்ணச் சொன்னோம். பள்ளியில் கன்னடத்தில் எண்ணிப் பழகிய சில பிள்ளைகள் பதினேழு, பதினெட்டில் தடுமாறினார்கள். பாட்டியர் திருத்தினார்கள். பெயர் பெற்ற 'கிருமிநாசினி' சோப்புத்தான் வேண்டுமா என்று கேட்டவர்களுக்குக் கராச்சி நகரத்து ஆய்வு விடை தருகிறது. ஏழை மக்கள் வாழும் குடியிருப்புகளில் நடந்து 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வில், சோப்பினால் கைகழுவிய வீடுகளில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. சாதாரணச் சோப்பும் கிருமிநாசினிச் சோப்பும் ஒரே பயனைத்தான் தந்தன.

மூன்றாம் முறை சென்றபோது, சோப்பு ஒரு பழைய வெங்காயப் பையின் வலையில் பாட்டிலின் அருகே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வைத்தால் கரைந்தும் காணாமலும் போய்விடுகிறது என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி கண்டுபிடித்த ஏற்பாடு அது. அடுத்த கட்டியை யார் வாங்குவது என்பதில் லைனில் சிறு வழக்கு எழுந்து, வாரத்திற்கு ஒரு வீடு என்று முடிவாகியிருந்தது. அந்த வாரத்து முறை, மஞ்சள் கட்டைவிரல் தாத்தாவினுடையது.