தலைப்பு வேற, கேள்வி வேற

திருவாரூர்ல இருந்து பேசுறேன். இந்த எபிசோட், ப்ராஜெக்ட் தொடங்கப் போற கல்லூரி மாணவர்களுக்கு.

'டெல்டா விவசாயிகளின் பிரச்சினைகள்'. இது தலைப்பு, கேள்வி இல்ல. எந்த ஊருக்குப் போகணும், யாரைக் கேட்கணும், எதை எண்ணணும்னு இது சொல்லாது. மென்பொருள் வேலையில 'ஆப் ஓடல'ன்னு மட்டும் சொன்னா எங்களுக்கு எதுவும் புரியாது. எந்த போன், எந்தப் பக்கம், எதைத் தொட்டப்போன்னு தெரிஞ்சாதான் தேடவே முடியும். ஆய்வும் அப்படித்தான்.

1916-ல சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம், கூலி, கடன்னு எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்கள். 1918-ல அது புத்தகமாச்சு. அதுல ஒரு ஊர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி. இப்போ நாகப்பட்டினம் மாவட்டம். 1936-37-ல பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் முயற்சியில அந்தக் கிராமங்களை மறுபடி ஆய்வு செஞ்சாங்க. நடுவுல, 1934-ல, மேட்டூர் அணை வந்திருந்துச்சு. 'கிராமம் எப்படி இருக்கு?'ன்னு மட்டும் முதல்ல கேட்டிருந்தா, இருபது வருஷம் கழிச்சு எதோட எதை ஒப்பிடுறது?

இப்போ நம்ம தலைப்புக்கு வருவோம். டெல்டால பல இடத்துல நடவு குறைஞ்சு நேரடி விதைப்பு வந்திருக்கு. 'நேரடி விதைப்பால பெண்கள் வேலை இழந்தது ஏன்?'னு கேட்டா, வேலை போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இப்படிக் கேளுங்க: 'எங்க ஊர்ல நடவுக்குப் போய்க்கிட்டிருந்த பெண்களுக்கு, போன சம்பா பருவத்துல எத்தனை நாள் வயல் வேலை கிடைச்சுது? நேரடி விதைப்பு வர்றதுக்கு முன்னாடி எத்தனை நாள்?' ஊர், ஆள், பருவம், அளவு எல்லாமே இதுல இருக்கு. குறைஞ்சிருக்கலாம், களையெடுப்பு கூடி, குறையாமலும் இருக்கலாம்.

கேள்வியை எழுதினதும் மூணு சோதனை. நீங்க நினைச்சதுக்கு மாறான பதில் வர இடம் இருக்கா? உங்ககிட்ட இருக்கிற மாசங்கள்ல முடியுமா? பத்து வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்து இதையே கேட்க முடியுமா?

ஒரு நாள் கூலியை நம்பி இருக்கிற அம்மா, அரை மணி நேரம் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் சொல்றாங்க. அந்த அரை மணி நேரத்துக்குத் தகுதியான கேள்வியோட போங்க.