கண் எனும் கருவி – 9: பச்சை முகம், சிவந்த விழி
கார்த்திகையில் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் எட்டு நாள் விருச்சிக உற்சவம். பகலெல்லாம் யானையும் செண்டையும், இரவானால் கதகளி. இந்த ஊரில் கதகளி பார்க்கத் திருவிழாதான் வரவேண்டும் என்றில்லை. ஆர்.எல்.வி. கல்லூரியில் அது பாடம். 1975-லேயே பெண்கள் மட்டும் ஆடும் கதகளிக் குழு இங்கே உருவாகிவிட்டது.

மணிக்கணக்கில் வேஷம் கட்டி முடித்தபின், அணியறையில் கடைசி வேலை ஒன்று பாக்கியிருக்கும். சுண்டப்பூ! கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றின் பூவில் இதழ்களைக் களைந்து, அடியிலிருக்கும் சூலகத்தை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார்கள். உருட்ட உருட்டக் கறுக்கும். கடுகளவு தேறும் அதை நனைத்து, கீழிமைக்குள் வைத்து, கண்ணை மூடி விழியைச் சுழற்றினால் சற்று நேரத்தில் வெள்ளை முழுவதும் சிவந்துவிடும். விளக்கொளியில், பச்சை பூசிய முகத்தில், சிவந்த விழி பளிச்சென்று எடுபடும்.

ஆடுகிற ஆட்டத்தில் அது நழுவி விழிக்குப் பின்னால் போய்விடாதா? போகாது. இமையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, பின்னோக்கிப் போய், அங்கே மடிந்து திரும்பி, விழியின் வெண்பகுதி மேல் படர்கிறது. டாக்டர்கள் கன்ஜங்டைவா என்பது இதைத்தான். மடிந்த இடம் சட்டைப்பை மாதிரி அடி மூடியது. சுண்டப்பூ மட்டுமல்ல, கண்ணில் விழும் தூசியும், இடம் மாறிய கான்டாக்ட் லென்ஸும் இதைத் தாண்ட வழியில்லை.

சிவப்பதும் இந்தச் சவ்வுதான். அடியிலிருக்கும் வெண்விழி கொலாஜன் இழைகள் தாறுமாறாகப் பின்னிய கெட்டியான சுவர்; ரத்தக்குழாய்கள் சொற்பம். மேலிருக்கும் சவ்விலோ நுண்குழாய்கள் ஏராளம். லேசான உறுத்தல் போதும், அவை விரிந்துகொள்ளும்.

ஆனால் அந்தச் சிவப்பு கருவிழியின் விளிம்போடு நின்றுவிடுகிறது. உற்றுப் பார்த்தால், குழாய்கள் அங்கே வளைந்து திரும்புவது தெரியும். அதற்கப்பால் கார்னியா: நடுவில் அரை மில்லிமீட்டர் கனம், ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வெண்விழியில் இருக்கும் அதே கொலாஜன்தான் இங்கும். ஆனால் அடுக்கடுக்காக, இழைக்கு இழை சீரான இடைவெளியில். ஒளி தடையில்லாமல் கடப்பது அதனால்தான். ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே, கண்ணீர் வழியாக வாங்கிக்கொள்கிறது.

அந்த விளிம்பு வெறும் கோடல்ல. கார்னியாவின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூல செல்கள் குடியிருக்கும் இடம். சவ்வு கார்னியா மேல் ஏறாமல் காக்கும் வேலியும் அதுவே. சுண்ணாம்பு தெறித்து அது வெந்துபோனால், சவ்வு ரத்தக்குழாய்களோடு கார்னியா மேல் படர்ந்து பார்வையை மூடும். ஒரு கண் நன்றாயிருந்தால் வழி உண்டு. அதன் விளிம்பிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, நுணுக்கி, கெட்ட கண்ணில் பரப்பி வளர்க்கும் முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் வீரேந்தர் சங்வான் குழு 2012-ல் வெளியிட்டது. திசுவை ஆய்வகத்தில் வளர்க்கும் செலவு இதில் இல்லை. இந்தியாவுக்குப் பொருத்தமான கண்டுபிடிப்பு என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

சிவப்பு எங்கே கூடியிருக்கிறது என்பதையும் டாக்டர் கவனிப்பார். ‘மெட்ராஸ் ஐ’யில் இமையின் மடிப்புப் பக்கம் அடர்ந்து, கருவிழியை நெருங்க நெருங்க வெளிறும். கருவிழியைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் சிவந்து, வலியும் மங்கலும் சேர்ந்தால், கோளாறு உள்ளே இருக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கண் அது. சுண்டப்பூச் சிவப்போ சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். அதற்காக வீட்டில் யாரும் முயன்று பார்க்கவேண்டாம்.

சிவந்த அந்த விழியை நவரசத்துக்கும் சுழற்றுபவை ஆறே தசைகள். விடியற்காலையில் கண்ணில் நெய் விட்டுக்கொண்டு மாணவர்கள் செய்யும் கண்சாதகம் அவற்றுக்கான பயிற்சிதான். அடுத்த வாரம் அந்தத் தசைகள்.